ஆட்டுமணி கட்டிய பஸ்

மொட்டையூரணிப் பெத்தம்மாள் நடந்து போனால் அவளுடைய நிழலுக்கு மூச்சு வாங்கும். பசுவந்தனைப் பக்கத்தில் இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வார்கள். ஒரு தடவை அவள் கோவில்பட்டிக்குப் புறப்பட்டபோது நிழல் பாதிவழியில், ஓர் உடைமரத்தடியில், இனி என்னால் ஆகாது என்று உட்கார்ந்துவிட்டதாம். அவள் போய்ச் செண்பகவல்லியம்மனைக் கும்பிட்டு, கடலைமிட்டாய் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, வருகிற வழியில் அதை எழுப்பிக் கூட்டிவந்தாளாம். இருபது மைல் போக, இருபது மைல் வர, எல்லாம் ஒரே பகலில். நிழல் கதையை நம்பலாம். நாற்பது மைல்தான் கொஞ்சம் இடிக்கிறது.

நடப்பதற்கு அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. கதவுள்ள எதிலும் ஏறமாட்டாள். மாட்டுவண்டிக்குக் கதவு கிடையாது, அதில் ஏறுவாள். சைக்கிளுக்குக் கதவு கிடையாது, கேரியரில் உட்காருவாள். பஸ், கார், வேன் எதுவும் ஆகாது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை கண்ணபிரான் வாடகைக் கார் கொண்டுவந்து நிறுத்தினான். பெண் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒன்பது மைலையும் நடந்தாள். மாப்பிள்ளை என்ன செய்வான், பின்னாலேயே நடந்தான். வழியில் ஒரு கிடை ஆடுகள் எதிர்ப்பட்டன. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு கழுத்திலும் மாலைக்குப் பதில் வாழைநார்தான் தொங்கியது. மாலை முழுவதையும் ஆடுகள் தின்று ஏப்பம் விட்டிருந்தன. அதனால்தான், பிறகு மொட்டையூரணிக்கே குடிவந்த அந்தக் குடும்பத்தில் ஆடு பெருகிற்று என்பார்கள்.

ஊர் இப்படிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும். அவள் ஏன் ஏறமாட்டாள் என்பதை மட்டும் சொல்லாது.

அது 1970 ஐப்பசி. பெத்தம்மாளுக்கு ஒன்பது வயது. மானாவாரிக் காடு இரண்டு வருஷமாக ஏமாற்றியிருந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயின. ஆபீஸ் என்றதும் நாற்காலி மேசை என்று நினைத்துவிடக் கூடாது. தீப்பெட்டி செய்கிற கொட்டகைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். கட்டையில் கோடு கோடாக வெட்டிய காடிகளில் குச்சி குச்சியாக அடுக்குவது பிள்ளைகளின் வேலை. சின்ன விரல்தான் அதற்கு வாகு என்று பெரிய விரல்காரர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். கோழி கூவுமுன் வேன் வரும். ஒரே ஒரு ஹாரன். தாய்மார் அரைத்தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அள்ளி உள்ளே போடுவார்கள். முன்னொரு நாள் தூங்கி வழிந்த பையன் ஒருவன் பின்கதவு வழியே விழுந்து கையை ஒடித்துக்கொண்டதால், பிள்ளைகளை வேலைக்குச் சேர்க்கிற ஏஜெண்டு கதவை வெளியிலிருந்து கயிறு போட்டுக் கட்டிவிடுவான். நல்லதுக்குத்தான் கட்டினான்.

அன்றைக்கு மழை. ஊருக்கும், பெரிய ரோட்டிலிருந்து ஊர்ப்பாதை பிரிகிற விலக்குக்கும் நடுவே உள்ள ஓடையில், கரிசல் சேறு வேனின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. டிரைவரும் ஏஜெண்டும் இறங்கி, சத்தம் போடாமல் உட்கார்ந்திருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, ஆள் கூட்டிவரப் போனார்கள். கயிற்றை அவிழ்க்கத் தோன்றவில்லை. மேற்கே பெய்த மழை ஓடையில் இறங்கி வந்தது. ஆடு மேய்க்கிற ஒருவர் ஓடிவந்து அரிவாளால் கயிற்றை வெட்டும்போது தண்ணீர் பிள்ளைகளின் கழுத்தளவு. உள்ளே இருந்தது இருபத்துமூன்று பேர். வெளியே வந்தது இருபத்திரண்டு. வராதவள் சீனித்தாய், ஏழு வயது, பெத்தம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி. பெத்தம்மாள் அதைப் பற்றி வாழ்நாளில் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "எடது கையிலதான் பிடிச்சிருந்தேன்."

பேசாமல் விட்டால் பிள்ளைகள் மறந்துவிடும் என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். அப்படியே வாய் மறந்தது. வயிறு மறக்கவில்லை. அந்த இருபத்திரண்டு பேரும் வளர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்ற பிறகும் டீசல் சத்தம் கேட்டால் பாதிப் பேருக்கு வயிறு பற்றி எரியும். இரண்டு பேருக்குக் காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும். அவர்களில் ஒருவனான அழகிரிசாமி தன் வீட்டுக்குக் கதவே வைக்கவில்லை, சாக்குப் படுதாதான். நாய் வந்து சோற்றுப்பானையை நக்கிவிட்டுப் போனாலும் வைக்கவில்லை. பெத்தம்மாளுக்குத் தூங்கும்போது இடது கை தானாக மூடிக்கொள்ளும். காலையில் எழுந்தால் உள்ளங்கையில் நாலு நகத்தடம் இருக்கும்.

இதிலே பெரிய கூத்து ஒன்று. 1983இல் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, உங்கள் ஊருக்கு பஸ் விடப் போகிறோம் என்றார். ஊரே திரண்டு ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அதிகாரி மனுவை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். பஸ் வேண்டும் என்று ரோட்டை மறிக்கிற ஊர்களை அவர் பார்த்திருக்கிறார். பஸ் வேண்டாம் என்று கைநாட்டு வைத்த ஊரை முதல்முறையாகப் பார்த்தார். அப்படித்தான் பதினைந்து வருஷமாக, சுற்றி எல்லா ஊருக்கும் பஸ் போனபோது, மொட்டையூரணிக்கு மட்டும் இரண்டரை மைல் தள்ளி விலக்கோடு நின்றது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க நினைத்த பிள்ளைகள் அந்த விலக்கு வரை நினைத்துவிட்டுத் திரும்பி வந்தன.

ஊர் நர்ஸாக சந்தனமாரி வந்தது 1994இல். புதன்கிழமைதோறும் சைக்கிளில் வருவாள். நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவள் ஒரு நாள் பேனாவை மூடிவிட்டாள். ஒரே வயசுக்காரர்கள், ஒரே மாதிரி வயிற்றெரிச்சல், ஒரே மாதிரி தூக்கமின்மை. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தாள். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. விசாரித்து விசாரித்து ஓடை வரைக்கும் போய்விட்டாள்.

"நோவு உங்க வயித்துல இல்லக்கா. அந்த வேனுக்குள்ள இருக்கு" என்றாள் பெத்தம்மாளிடம்.

"அந்த வேனத்தான் அப்பவே பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டாவளே."

"நீங்க இன்னும் போடலயே."

பெத்தம்மாள் எழுந்து போய்விட்டாள். ஆனால் அடுத்த புதன்கிழமையிலிருந்து ஊசி போட்டு முடிந்ததும் நாலு பேர், பிறகு ஏழு பேர், சந்தனமாரியின் சைக்கிளைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். யார் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தோம், யார் யார் தலையில் ஏறி நின்றோம் என்று இருபத்துநாலு வருஷம் கழித்துச் சண்டை போட்டார்கள். அழகிரிசாமி தன் முடியைப் பிடித்துத் தொங்கியவள் இன்னார் என்று கண்டுபிடித்து, சின்ன வயசிலேயே தனக்கு வழுக்கை விழுந்ததற்கு அவள்தான் காரணம் என்று பஞ்சாயத்து வைத்தான். சிரிப்பும் அழுகையும் ஒரே மூக்கில் வந்தது.

கதை இங்கேதான் சூடுபிடிக்கிறது. 1998இல் பெத்தம்மாளின் மகள் சத்தியபாமா, அப்பா ஊரில் பாட்டி வீட்டில் தங்கிப் படித்து, பத்தாம் வகுப்பில் நானூற்று முப்பத்தெட்டு மார்க் வாங்கினாள். மூலைக்கரைப்பட்டிச் சந்தையில் கத்திரிக்காயை நிறுத்தால்கூட அத்தனை வராது என்று ஊர் மெச்சியது. பதினொன்றாம் வகுப்பு நாகலாபுரத்தில். ஊரிலிருந்து ஏழு மைல். பாட்டி அந்தச் சித்திரையில் காலமாகிவிட்டாள். சத்தியபாமா ஊரிலிருந்துதான் போக வேண்டும்.

அதே சமயத்தில் மினிபஸ் வந்தது. நந்தகோபால் என்ற கண்டக்டர், வாயில் விசிலும் காதில் பென்சிலுமாக, ஊர்க்கூட்டத்துக்கு வந்தான்.

"அண்ணாச்சிமாரே, நாகலாபுரம் ரூட்டுல உங்க ஊருக்கும் பர்மிட் இருக்கு. நீங்க சரின்னா காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஊரு ஊரா பஸ்ஸுக்கு அடிச்சிக்கிடுதாவ. நீங்க மட்டும் வராதேங்கிய. எந்தக் கிணத்துத் தண்ணியக் குடிக்கிய?"

அழகிரிசாமி எழுந்தான். "தம்பி, பேச்சுக்குப் பேச்சு வேண்டாம். பெத்தம்மா ஏறி ஊருக்குள்ள வரட்டும். அன்னைக்கு ஊரு சரிங்கும். அவ ஏறமாட்டா, அது எனக்குத் தெரியும்."

எல்லோரும் பெத்தம்மாளைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கை முடிய இருபது நாள் இருந்தது. சத்தியபாமா மட்டும் அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அது அம்மாவைக் குத்திற்று.

மறுநாள் உச்சிப்பொழுதில் பெத்தம்மாள் விலக்குக்குப் போனாள். டிரைவர் சாப்பிடப் போகிற ஒரு மணி நேரம் மினிபஸ் அங்கே புளியமரத்தடியில் நிற்கும். முதல் நாள் கிட்டே போய் ஒரு விரலால் தொட்டாள்.

"என்னக்கா, என்ன செய்யுது?" என்றான் நந்தகோபால்.

"ஒண்ணும் செய்யல. சுடுது."

"வெயில்ல நின்னா என்னையத் தொட்டாலும் சுடும்."

மூன்றாம் நாள் படியில் உட்கார்ந்தாள். ஆறாம் நாள் உள்ளே வந்து, வாசல் ஓரத்துச் சீட்டில் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று, கொண்டுவந்த கம்மங்கூழைக் குடித்தாள். நந்தகோபாலுக்கும் ஒரு செம்பு ஊற்றினாள். எட்டாம் நாள் இரண்டு காலும் உள்ளே. அந்த நேரம் பார்த்து, இதொன்றும் அறியாத டிரைவர் வந்து, மதிய டிரிப்புக்கு ஆள் கூப்பிட ஹாரனை அமுக்கினார்.

அவள் குதித்த குதியில் பஸ்ஸுக்கும் அவளுக்கும் நடுவே மூன்று கிடை ஆடு மறிக்கலாம் என்று நந்தகோபால் பிற்பாடு சொன்னான். ரோட்டோரத்தில் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். இடது கை இறுக மூடியிருந்தது. டிரைவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் வாங்கவில்லை. இரண்டரை மைலையும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வீட்டில் ஒரே வார்த்தைதான். "வேண்டாம்."

 மறுநாள் விடிந்ததும் சத்தியபாமா அப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு நாகலாபுரத்துக்கு நடந்துபோய் விண்ணப்பப் படிவம் வாங்கிக்கொண்டு, பொழுது சாய நடந்தே திரும்பினாள். இரண்டு காலிலும் கொப்புளம். முகத்தில் மட்டும் பூவாகச் சிரிப்பு.

"யம்மா, நானும் நடந்துட்டேன் பாத்தியா? உன்னமாரியே! பழகிருச்சுன்னா தெனமும் நடந்துருவேன். பஸ்ஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

பெத்தம்மாள் அவள் காலை மடியில் தூக்கி வைத்து விளக்கெண்ணெய் தடவினாள். தன் நடை மகளுக்கு இறங்கிவிட்டது. நகையாக இருந்தால் சந்தோஷப்படலாம்.

"ஏட்டி, நான் ஆசைக்கா நடந்தேன்?" என்றாள். 

அன்று செவ்வாய். மறுநாள் சந்தனமாரி வந்தாள். பெத்தம்மாள் நடந்ததைச் சொல்லி, "பயம் போகமாட்டேங்கு மாரி" என்றாள்.

"பயம் போன பெறவுதான் ஏறணும்னு யாரு சொன்னா? அதையும் கூட்டிக்கிட்டு ஏறுங்க. உங்களுக்கு அந்தப் பஸ் எப்படி இருந்தா தோதுப்படும்? அதச் சொல்லுங்க."

இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. யோசிக்க ஒரு பகல் வேண்டியிருந்தது. வியாழக்கிழமை உச்சிக்கு விலக்கில் போய் நின்றாள்.

"தம்பி, கதவக் கழத்திரு."

"கதவக் கழத்துனா பிரேக் இன்ஸ்பெக்டர் என்னையக் கழத்திருவாருக்கா."

"அப்போ தெறந்தமானிக்கு நான் கட்டுதேன். என் முடிச்சு. நான் அவுத்தாதான் உண்டு."

"சரி. நீங்க இருக்க வரைக்கும் கட்டிக்கிடுங்க. நான் படியில நிக்கேன், ஒருத்தரும் விழாம."

"ஹாரன் அடிக்கக் கூடாது."

"எதுக்க ஆளு வந்தா? நான் எறங்கி ஓடிப்போய் 'விலகு விலகு'ங்கவா?"

பெத்தம்மாள் தூரத்தில் மேய்கிற ஆடுகளைப் பார்த்தாள். "மணி கட்டு" என்றாள்.

மணிக்கு எங்கே போக? அழகிரிசாமியிடம் போனாள். அவனுடைய செம்மறிக் கிடையில் முன்னால் போகிற கிடாவுக்குப் 'பிரசிடெண்டு' என்று பேர். அது எங்கே போனாலும் நூற்றிருபது ஆடும் கேள்வி கேட்காமல் பின்னால் போகும் என்பதால் வைத்த பேர். அதன் கழுத்தில் தொங்குகிற வெண்கல மணி ஒரு மைல் கேட்கும்.

"மணியா? தாரேன், எடுத்துட்டுப் போ" என்று சிரித்தான் அழகிரிசாமி. "ஏறமாட்டியே நீ. சாயங்காலம் திருப்பித் தரப் போற."

ஏழு தலைமுறையாக ஆடு மேய்க்கிற ஊர். கிடாவின் மணியைக் கழற்றிப் பஸ்ஸில் கட்டினால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் ஒருவனுக்கும், ஒருத்திக்கும், பிரசிடெண்டுக்கும்கூடத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பஸ்ஸின் முன்பக்கத்தில் எலுமிச்சம்பழ மாலையோடு மணியும் தொங்கியது. பெத்தம்மாள் கயிற்றை எடுத்து, திறந்த கதவை ஜன்னல் கம்பியோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டாள். ஏறினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் இடது கைப் பக்கத்து இருக்கையில் விரித்தாள்.

"யாருக்கு யக்கா எடம் போடுதிய?" என்றான் நந்தகோபால். பஸ்ஸில் இருந்தது அவளும் சத்தியபாமாவும் சந்தனமாரியும்தான். மீதி இருபத்துச் சொச்சம் இருக்கையும் காலி.

"ஆளு வருது."

சத்தியபாமா முன்னிருக்கையில் உட்கார்ந்து பின்னால் திரும்பிக்கொண்டாள். டிரைவர் சாவியை முறுக்கினார். டீசல் சத்தம் வந்ததும் பெத்தம்மாளின் வயிறு எரிந்தது. இடது கை மூடிக்கொண்டது. வலது கை கம்பியைப் பிடித்தது. கதவைப் பார்த்தாள், திறந்திருந்தது. மறுபடி பார்த்தாள், திறந்தேயிருந்தது. முன்னால் மணி கிணிங் கிணிங் என்று ஆடியது. பஸ் விலக்கிலிருந்து மண்ரோட்டில் இறங்கியது.

அரை மைல் போகவில்லை. பருத்தி பறித்த காட்டில் மேய்ந்துகொண்டிருந்த நூற்றிருபது செம்மறியும் ஒருசேரத் தலையைத் தூக்கின. அவற்றின் காதில் விழுந்தது பிரசிடெண்டு போகிற சத்தம். பிரசிடெண்டு பக்கத்தில்தான் வெறுங்கழுத்தோடு நின்றது. அதுவும் தலையைத் தூக்கி, தான் அங்கே போய்க்கொண்டிருப்பதைக் கேட்டது. தன்னைத் தானே பிடிப்பதற்குக் கிளம்பி ஓடியது. கிடை பின்னால் ஓடியது.

"ஏலே! ஏலே! பஸ்ஸ நிறுத்துலே!" என்று அழகிரிசாமி கம்பை வீசிக்கொண்டு ஓடிவந்தான்.

ஓடைக்குள் பஸ் இறங்கும்போது ஆடுகள் அதைச் சூழ்ந்துவிட்டன. ஓடை காய்ந்து வெடித்துக் கிடந்தது. டிரைவருக்கு முன்னால் ஆடு, பின்னால் ஆடு. பஸ் எறும்பாக ஊர்ந்தது. இதே இடம். பெத்தம்மாளுக்கு மூச்சு மேலே ஏறியது, கீழே இறங்கவில்லை. "யம்மா, என்னையப் பாரு" என்றாள் சத்தியபாமா. அவள் பார்த்தாள். மகளுக்குப் பின்னால் கண்ணாடி முழுக்க ஆட்டுமுகம். ஒன்று அவளைப் பார்த்து 'ம்ம்மே' என்றது.

அந்த நேரம் ஒரு குட்டி, நெருக்கடி தாங்காமல், திறந்த வாசல் வழியே எகிறியது. முன்னங்கால் இரண்டும் படியில். பின்னங்கால் வழுக்கியது. நந்தகோபால் படியிலிருந்து இறங்கி முன்னால் இன்னொரு ஆட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். குட்டி சக்கரத்துப் பக்கம் சரிந்தது.

பெத்தம்மாள் எட்டிப் பிடித்தாள். காலைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்ட பிறகுதான் பார்த்தாள். பிடித்தது இடது கை.

குட்டி பதறிப்போய் ஒரு சுற்றுச் சுற்றி, துண்டு விரித்த இருக்கையில் ஏறி நின்று, பெத்தம்மாளின் முகத்தை முகர்ந்தது.  அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. கூடவே வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பும் கிளம்பி வந்தது. ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்த கொக்குகள் அந்தச் சத்தத்தில் பறந்து விளாத்திகுளத்தில் போய்த்தான் இறங்கின.

"வந்துட்டா, பாரு" என்றாள் நந்தகோபாலிடம். "நான்தான் சொன்னேம்லா, ஆளு வருதுன்னு."

"ஏட்டி பெத்தம்மா, என் குட்டியக் குடு!" அழகிரிசாமி படியில் தாவி ஏறி உள்ளே வந்து குட்டியை அள்ளினான். பஸ் மேடேறியது. ஓடை பின்னால் போனது.

"அண்ணாச்சி, டிக்கெட்டு" என்றான் நந்தகோபால்.

"டிக்கெட்டா? நான் எங்கலே ஏறினேன்?"

"அப்போ இப்ப எங்கன நிக்கிய?"

அழகிரிசாமி குனிந்து தன் காலுக்குக் கீழே பார்த்தான். தகரத் தரை. வெளியே பார்த்தான். ஓடைக்கரைப் புளியமரம் நகர்ந்துகொண்டிருந்தது. அப்படியே தொப்பென்று உட்கார்ந்துவிட்டான், குட்டியை இறுகக் கட்டிக்கொண்டு. பெத்தம்மாள் தான் கொண்டுவந்திருந்த கம்மங்கூழ்ச் செம்பை நீட்டினாள். "மணியத் திருப்பித் தருவேன்னு சொன்னியே, இப்பத் தரவா, சாயங்காலம் தரவா?"

 அவன் செம்பை வாங்கிக் கூழை ஒரே மடக்கில் குடித்தான்.

ஊருக்குள் அன்று நுழைந்தது பஸ்ஸா கிடையா என்று யாருக்கும் விளங்கவில்லை. குலவை போடக் காத்திருந்த பெண்கள் போட்ட குலவையை ஆடுகள்தான் முதலில் வாங்கிக்கொண்டன. அந்த வேனிலிருந்து தப்பிய மீதி இருபது பேரில் பன்னிரண்டு பேர் அன்றைக்கே ஏறிப் பார்த்தார்கள். எட்டுப் பேர் இன்னும் கொஞ்சம் பொறுத்து ஏறுகிறோம் என்றார்கள். ஒருவரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை.

சேர்க்கை முடிய நாலு நாள் இருக்கும்போது சத்தியபாமா நாகலாபுரத்தில் சேர்ந்தாள். மறுவருஷம் ஊரிலிருந்து ஐந்து பிள்ளைகள் அந்தப் பஸ்ஸில் போயின. மணி பஸ்ஸுக்கே நிலைத்துவிட்டது. பிரசிடெண்டுக்குக் கோவில்பட்டியிலிருந்து வேறு சத்தமுள்ள மணி வந்தது. ஆனாலும் ஒரு மாதம் வரைக்கும் கிடை காலையில் பள்ளிக்கூடம் வரை போய்விட்டுத்தான் திரும்பியது என்றும், அதில் இரண்டு ஆடு வாய்ப்பாடு சொல்லும் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு.

பெத்தம்மாளுக்கு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. சில நாள் ஓடை நெருங்கும்போது வயிறு எரியும். அப்போது விசிலுக்குக் காத்திராமல் "நிறுத்து தம்பி" என்பாள். இறங்கி நடப்பாள். நந்தகோபால் பஸ்ஸை மெதுவாக ஓரத்தில் ஓட்டச் சொல்லி, படியில் நின்றபடி கேட்பான்.

"யக்கா, ஏறுதியளா?"

"நீ போ. நான் முன்னால போயி நாகலாபுரத்துல உனக்காக நிக்கேன்."

அவன் போய்ச் சேரும்போது அவள் பள்ளிக்கூட வாசலில் நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள் என்று அந்தக் கண்டக்டர் இன்றைக்கும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறான். நிழல் மட்டும் அடுத்த டிரிப்பில் வந்ததாம்.